ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல்: குருத்தணு மருத்துவத்தின் தொடக்க வரலாறு

ஒருவரின் உடலிலிருந்து எடுத்த சிறு துண்டுத் திசுவில் உள்ள செல்களை ஆய்வகத்தில் பல ஆயிரம் மடங்கு பெருக்கி, அவருக்கே திரும்பப் பொருத்திக் குணப்படுத்தும் முறை வளர்ப்புச் செல் சிகிச்சை எனப்படும். குருத்தணு, அதாவது ஸ்டெம் செல், என்ற சொல்லைக் கேட்டதும் கருமுட்டை, குளோனிங், ஜப்பானிய நோபல் பரிசு ஆகியவையே பலருக்கு நினைவு வருகின்றன. ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த மனிதக் குருத்தணுக்கள் முதன்முதலில் உயிர் காத்தது இவை எல்லாவற்றுக்கும் முன்பு, 1980-களின் தொடக்கத்தில், தீக்காயப் பிரிவில். அந்தச் செல்கள் தோலைச் சேர்ந்தவை. அவற்றை வளர்த்தவர்கள்கூட அப்போது தங்கள் வேலையைக் குருத்தணு சிகிச்சை என்று அழைக்கவில்லை. இக்கட்டுரை அந்தத் தோலின் வரலாற்றையும், அதே வழியில் பின்னர் கண்ணுக்குக் கிடைத்த சிகிச்சையின் வரலாற்றையும் கூறுகிறது.

குருத்தணு என்பது

வாழையில் எத்தனை இலையை அறுத்தாலும் நடுவிலிருந்து குருத்து வந்துகொண்டே இருக்கும். குருத்தணு என்ற தமிழ்ச்சொல் அந்தக் காட்சியிலிருந்து பிறந்ததுபோல் அமைந்திருக்கிறது. குருத்தணு பிரியும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, தன்னைப் போன்ற இன்னொரு குருத்தணுவை உண்டாக்குகிறது. இரண்டு, தோல், இரத்தம், குடல் உள்படலம் என்று குறிப்பிட்ட தொழில் செய்யும் செல்லாக மாறக்கூடிய வாரிசுகளைத் தருகிறது. தொழில் செல்கள் தேய்ந்து உதிர்ந்துவிடும், குருத்தணு தங்கிவிடும்.

இதற்குத் தோலைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. தோலில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலே இருப்பது புறத்தோல். அதன் கீழே இரத்தக் குழாய்கள், நரம்புகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் கொண்ட தடித்த அடித்தோல் இருக்கிறது. புறத்தோலின் மிக அடி வரிசையில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலேறி, கெரட்டின் என்னும் புரதம் நிறைந்து இறுகி, இறந்து, செதிலாக உதிர்கின்றன. ஏறத்தாழ ஒரு மாதத்தில் இந்தப் பயணம் முடிந்துவிடும். நாம் தேய்த்துக் குளிக்கும்போது போகும் அழுக்கில் ஒரு பங்கு இந்தச் செதில்கள்தான். வாழ்நாள் முழுவதும் உதிர்ந்தும் தோல் தீர்ந்துபோகாததற்குக் காரணம் அடியில் இருக்கும் குருத்தணுக்கள்.

உடலில் இத்தகைய செல்கள் உண்டு என்பதைச் சோதனை மூலம் நிறுவியவர்கள் கனடாவின் டொராண்டோ நகரில் பணியாற்றிய ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குல்லோக் ஆகிய இருவர். 1961-இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், கதிர்வீச்சால் எலும்பு மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிகளுக்குப் புதிய மஜ்ஜைச் செல்கள் செலுத்தப்பட்டன. அவற்றின் மண்ணீரலில் சிறுசிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லின் வாரிசுக் கூட்டம் என்று பின்னர் தெளிவாயிற்று. ஆனால் இரத்தக் குருத்தணுவை ஆய்வகத் தட்டில் பெருக்குவது மிகக் கடினம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் மஜ்ஜையை எடுத்து அப்படியே செலுத்துகிறார்கள், வளர்ப்பதில்லை. அதனால்தான் வளர்ப்பின் கதை தோலிலிருந்து தொடங்குகிறது.

தீக்காயமும் ஒட்டுத் தோலும்

தோலை வளர்க்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? பெரிய தீக்காயத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பின் சூடு அன்று, அதன் பிறகு வரும் நாள்கள். தோல் போய்விட்டால் உடலின் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும், கிருமிகள் தடையின்றி உள்ளே நுழையும். ஆகவே காயத்தை எவ்வளவு விரைவாக மூடுகிறோமோ அவ்வளவுக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. அறுவை மருத்துவர்கள் நோயாளியின் தொடை போன்ற நல்ல இடத்திலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்துக் காயத்தில் ஒட்டுவார்கள். தோலை வலைபோலக் கீறி விரித்தால் இன்னும் சற்று அதிக இடத்தை மூடலாம். ஆனால் உடலில் பத்தில் ஒன்பது பங்கு எரிந்தவருக்கு எங்கிருந்து சீவுவது?

பிறர் தோலை ஒட்டினால் ஆகாதா என்ற கேள்விக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. கிளாஸ்கோ மருத்துவமனையில் தாமஸ் கிப்சன் என்ற மருத்துவரும் பீட்டர் மெடாவர் என்ற உயிரியலாளரும் தீக்காயம்பட்ட நோயாளியிடம் இதைக் கவனித்து 1943-இல் எழுதினர். பிறருடைய தோல் முதலில் ஒட்டிக்கொள்வதுபோல் தெரியும், பின்பு அழிந்துவிடும். இரண்டாம் முறை அதே நபரின் தோலை ஒட்டினால் இன்னும் வேகமாக அழியும். உடலின் எதிர்ப்பாற்றல் அந்நியத் தோலை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள். இத்துறையில் செய்த பணிக்காக மெடாவர் 1960-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நோயாளியின் தோல்தான் நிலைக்கும், அதுவோ போதவில்லை. எஞ்சியிருப்பதைப் பெருக்குவது ஒன்றே வழி.

பெருக்குவதும் எளிதாக இல்லை. மனிதத் தோல் துண்டு ஒன்றைத் தட்டில் போட்டு வளர்த்தால், அடித்தோலில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் நார்ச்செல்கள் களைபோல் மண்டிவிடும். வேண்டிய புறத்தோல் செல்கள் சில நாளில் இறந்துவிடும். களை எடுக்கத் தெரியாத வயலில் நெல் விளையாத கதைதான். நார்ச்செல்களை நீக்கிவிட்டாலோ, புறத்தோல் செல்கள் தனியே தழைக்க மறுத்தன.

ஹோவர்டு கிரீனும் எலிச் செல்களும்

ஹோவர்டு கிரீன் 1925-இல் டொராண்டோவில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். தோல் அவரது இலக்காக இருக்கவில்லை. நியூயார்க்கில் பணியாற்றியபோது ஜார்ஜ் டொடாரோவுடன் சேர்ந்து எலிக் கருவின் நார்ச்செல்களிலிருந்து ஒரு செல் வரிசையை உருவாக்கி 1963-இல் வெளியிட்டார். அதன் பெயர் 3டி3. மூன்று நாளுக்கு ஒருமுறை தட்டு மாற்றி, தட்டுக்கு மூன்று லட்சம் செல்கள் வீதம் இட்டு வளர்த்ததால் இந்தப் பெயர். உயிரியல் ஆய்வகங்களில் பெயர் சூட்டும் அழகு இவ்வளவுதான்! ஆனால் இந்த வரிசை உலகெங்கும் புற்றுநோய் ஆய்வில் பயன்பட்டது. செல்கள் தட்டை நிரப்பியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் ஒழுக்கம் அவற்றுக்கு இருந்தது.

1970-இல் கிரீன் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்தார். அங்கே ஜேம்ஸ் ரைன்வால்ட் என்ற மாணவர் அவரிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார். இருவரும் எலியின் டெரட்டோமா என்ற கட்டியை ஆராய்ந்தனர். பல்வகைத் திசுக்கள் கலந்து வளரும் விந்தையான கட்டி அது. அதிலிருந்து வளர்த்த செல்களுக்கு இடையே, ஓடு பதித்த தரைபோல நெருக்கமாக அடுக்கிய செல்களின் குடியிருப்புகள் தெரிந்தன. அவை தோல் செல்களைப் போலக் கெரட்டினை உண்டாக்கின. அவற்றைத் தனியே பிரித்தால் வளரவில்லை, நார்ச்செல்களின் துணை இருந்தால் வளர்ந்தன.

இங்கேதான் பழைய 3டி3 செல்கள் உதவிக்கு வந்தன. அவற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் உயிரோடு இருக்கும், ஆனால் பிரிந்து பெருகாது. தட்டில் முதலில் இவற்றைப் பரப்பிவிட்டு, அதன்மேல் விரும்பும் செல்லை விதைக்கலாம். கீழே உள்ள செல்கள் வளர்ச்சிக்குத் தேவையான பொருள்களைச் சுரக்கும், களையாகவும் மாறாது. இதற்கு ஊட்டும் அடுக்கு என்று பெயர். இந்த எண்ணம் கிரீனுக்கே உரியதன்று. தியோடர் பக், பிலிப் மார்க்கஸ் ஆகியோர் 1955-இலேயே வேறு செல்களில் இதைச் செய்து காட்டியிருந்தனர். கிரீனும் ரைன்வால்டும் செய்தது, அதை மனிதத் தோலுக்குப் பயன்படுத்தியது. பிறந்த ஆண் குழந்தைகளுக்குச் செய்யும் சுன்னத்தில் அகற்றப்பட்டு வீணாகும் தோலே அவர்களுக்கு மூலப்பொருள். ஒற்றை மனிதத் தோல் செல் தட்டில் ஒரு முழுக் குடியிருப்பாக விரிந்தது. அதைப் பிரித்து மறு தட்டில் நட்டால் மீண்டும் வளர்ந்தது. 1975-இல் ‘செல்’ ஆய்விதழில் இந்த முடிவு வெளியானது.

அடுத்த நான்கு ஆண்டுகள் பதம் பார்க்கும் காலம். வளர்ப்பு ஊடகத்தில் என்னென்ன சேர்க்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஸ்டான்லி கோஹன் கண்டுபிடித்த புறத்தோல் வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தபோது பெரும் மாற்றம் தெரிந்தது. பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தினால் கண் இமைகள் நாள் முந்தித் திறக்கின்றன என்ற வேடிக்கையான கவனிப்பிலிருந்து கிடைத்த பொருள் அது. 1977-இல் ரைன்வால்டும் கிரீனும் எழுதிய கட்டுரைப்படி, இக்காரணி இல்லாதபோது 50 தலைமுறை அளவில் நின்றுவிடும் செல்கள், இருக்கும்போது 150 தலைமுறை வரை பெருகின. இன்னொரு சேர்க்கை காலரா நச்சு. ஊர் ஊராக உயிர் குடித்த நோயின் நஞ்சு, மிகச் சிறிய அளவில், தோல் செல்லின் பெருக்கத்தைத் தூண்டியது. மாணவர்களுக்கு நான் விரும்பிச் சொல்லும் செய்தி இது.

இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 3 சதுர சென்டிமீட்டர் தோலிலிருந்து மூன்று நான்கு வாரத்தில் ஏறத்தாழ 1.7 சதுர மீட்டர் புறத்தோலைப் பெறலாம். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடல் முழுவதையும் போர்த்தும் அளவு இது. தபால்தலை அளவிலிருந்து போர்வை அளவு!

தட்டிலிருந்து எடுப்பது எப்படி

கேட்கச் சிறியதாகத் தோன்றும் ஒரு சிக்கல் இன்னும் மீதமிருந்தது. தட்டின் அடியில் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை எடுக்க அக்காலத்தில் வழக்கமாகப் பயன்பட்ட டிரிப்சின் என்ற நொதி, செல்களுக்கு இடையே உள்ள பிணைப்பையும் சேர்த்து அறுத்துவிடும். கிடைப்பது தனித்தனிச் செல்கள் மிதக்கும் குழம்பு, தோல் அன்று. காயத்தின்மேல் குழம்பை ஊற்றி என்ன பயன்?

டிஸ்பேஸ் என்ற வேறொரு நொதி இதைத் தீர்த்தது. அது செல்களுக்கும் தட்டுக்கும் இடையே உள்ள பிடியை மட்டும் விடுவித்தது, செல்கள் ஒன்றையொன்று பற்றியபடியே இருந்தன. தோசைக்கல்லிலிருந்து தோசை கிழியாமல் எழும்புவதுபோல, முழுத் தாளாகத் தோல் எழும்பி வந்தது. கிரீன், ஒலானியி கெஹிண்டே, ஜேம்ஸ் தாமஸ் ஆகியோர் 1979-இல் இதை வெளியிட்டனர். எழும்பிய தாள் சில செல் அடுக்குகள் மட்டுமே கொண்டது, தொட்டால் சுருங்கும். வாஸ்லின் தடவிய வலைத்துணியில் அதைப் பொருத்திக் காயத்தில் வைக்க வேண்டும்.

1980-இல் கிரீன் ஹார்வர்டு மருத்துவப் பள்ளிக்கு மாறினார். பாஸ்டனில் நிக்கோலஸ் ஓகானர் என்ற அறுவை மருத்துவர் துணிந்து இந்தத் தாள்களைத் தீக்காய நோயாளிகளுக்குப் பொருத்தினார். நோயாளியின் தோலிலிருந்தே வளர்த்தவை என்பதால் உடல் அவற்றைத் தள்ளவில்லை. 1981-இல் ‘லான்செட்’ இதழில் செய்தி வந்தது. மூடிய இடம் சிறிதுதான். ஆனாலும் தட்டில் வளர்ந்த தோல் மனித உடலில் ஒட்டிக்கொள்ளும் என்று முதன்முறையாகத் தெரிந்தது.

1983, பாஸ்டன்

உண்மையான சோதனை 1983 கோடையில் வந்தது. அமெரிக்காவின் மேற்கே வயோமிங் மாநிலத்தில் சிறுவர்களான அண்ணன் தம்பி இருவர் தீ விபத்தில் சிக்கினர். இருவருக்கும் உடல் பரப்பில் 95 விழுக்காட்டுக்கு மேல் எரிந்திருந்தது. விமானத்தில் பாஸ்டனில் உள்ள ஷிரைனர்ஸ் தீக்காய மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அன்றைய மருத்துவம் அறிந்த எவரும் இவ்வளவு தீக்காயத்தோடு பிழைப்பார்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

எரியாமல் மிஞ்சியிருந்த சிறு இடத்திலிருந்து தோல் துண்டுகள் எடுக்கப்பட்டுக் கிரீனின் ஆய்வகத்துக்குச் சென்றன. அது மருந்துத் தொழிற்சாலை அன்று, பல்கலைக்கழக ஆய்வகம். ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வுகளை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு பிள்ளைகளுக்காகத் தோல் வளர்த்தனர். அதுவரை இறந்தவர்களின் தோலைத் தற்காலிகமாகப் போர்த்திக் காயங்கள் காக்கப்பட்டன. பிறகு மாதக்கணக்கில், தாள் தாளாக, வளர்த்த தோல் பொருத்தப்பட்டது. கல்லிகோ, ஓகானர், காம்ப்டன், கெஹிண்டே, கிரீன் ஆகியோர் 1984-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதிய கட்டுரைப்படி, ஒவ்வொரு சிறுவனுக்கும் உடல் பரப்பில் பாதிக்கும் மேல் மூடியது தட்டில் வளர்ந்த தோலே. இருவரும் பிழைத்தனர்.

வெற்றியை மிகைப்படுத்தவும் கூடாது. வளர்த்தது புறத்தோல் மட்டும். அடித்தோல் இல்லை, ஆகவே வியர்வைச் சுரப்பிகள் இல்லை, முடி இல்லை. காயம் ஆறிய இடம் இறுகிச் சுருங்கும், அதற்காகத் தொடர்ந்து அறுவை சிகிச்சைகள் தேவைப்படும். கிருமித்தொற்று உள்ள காயத்தில் மெல்லிய தாள் கரைந்தேபோகும். யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் குவோனோ 1986-இல் ஒரு மாற்று காட்டினார். இறந்தவரின் தோலை முதலில் ஒட்டி, அதன் புறத்தோலை உராய்த்து நீக்கிவிட்டு, எஞ்சும் அடித்தோலின்மேல் நோயாளியின் வளர்ப்புத் தோலைப் பரப்பும் முறை அது. அடித்தோலை உடல் பெரிதாக எதிர்ப்பதில்லை என்பதால் இது பலன் தந்தது.

கிரீனின் முறை பின்னர் எபிசெல் என்ற பெயரில் வணிகத் தயாரிப்பாயிற்று. உடலில் 30 விழுக்காடோ அதற்கு மேலோ ஆழமாக எரிந்தவர்களுக்கு அதைப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007-இல் அனுமதி அளித்தது. அரிய தேவைகளுக்கான சிறப்புப் பிரிவின்கீழ் தரப்பட்ட அனுமதி அது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், செலவும் மிக அதிகம். இவ்விரண்டும் இன்றுவரை இம்முறையின் கால்கட்டுகள்.

எந்தச் செல் குருத்தணு?

இவ்வளவு நடந்தும் ஓர் அடிப்படைக் கேள்விக்கு விடை இல்லை. பொருத்திய தோல் ஆண்டுக்கணக்கில் உதிர்ந்து உதிர்ந்து புதுப்பித்துக்கொண்டது. அப்படியென்றால் தட்டில் குருத்தணுக்கள் உயிரோடு இருந்திருக்க வேண்டும். எவை அவை?

1987-இல் யான் பாரண்டனும் கிரீனும் ஒரு பொறுமையான சோதனை செய்தனர். தட்டில் வளரும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே எடுத்து, அதன் வாரிசுகள் எப்படிப் பெருகுகின்றன என்று பார்த்தார்கள். மூன்று வகை தெரிந்தது. ஹோலோகுளோன் வகையின் வாரிசுகளில் ஏறத்தாழ அனைத்தும் பெரிய, ஓயாமல் வளரும் குடியிருப்புகளை உண்டாக்கின. பாராகுளோன் வகை சில தலைமுறையிலேயே முடிந்துபோயிற்று. மெரோகுளோன் இடைப்பட்டது. வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒரே மாதிரி செல்கள்தான். ஆனால் நூற்றுக்கணக்கில் ஒரு சிலவே குடும்பத்தைக் காக்கும் ஹோலோகுளோன்கள்.

என் பார்வையில் இந்த வரலாற்றின் அச்சாணி இந்தக் கட்டுரைதான். தட்டு நிறையச் செல் இருக்கிறது என்பது போதாது, அதில் குருத்தணு எத்தனை என்று எண்ண வேண்டும் என்பதை அது கற்பித்தது. கவனமின்றி வளர்த்தால் தாள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உள்ளே குருத்தணு தீர்ந்திருக்கும். அத்தகைய தோல் ஒட்டிச் சில வாரத்தில் உதிர்ந்துவிடும். பல இடங்களில் இம்முறை தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோலிலிருந்து கண்ணுக்கு

கண்ணின் கருவிழிக்கு முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் படலம் கார்னியா. அதன் மேற்பரப்பும் தோலைப் போலவே தேய்ந்து புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் அதற்கான குருத்தணுக்கள் படலத்தின் நடுவில் இல்லை. கருப்பும் வெள்ளையும் சேரும் ஓரத்தில், லிம்பஸ் என்ற குறுகிய வளையத்தில் உள்ளன. கிரீனிடம் பயிற்சி பெற்ற டுங்-டியன் சன் குழுவினர் 1986-இலும் 1989-இலும் இதைக் காட்டினர்.

கண்ணில் அமிலமோ காரமோ பட்டால் இந்த வளையம் அழிந்துவிடும். அப்போது பக்கத்து வெண்படலம் இரத்தக் குழாய்களோடு கார்னியாவின்மேல் படர்ந்து பார்வையை மறைக்கும். இறந்தவரின் கார்னியாவைப் பொருத்தினாலும் நிலைக்காது. புது இலையை ஒட்டலாம், குருத்து இல்லையே. 1989-இல் கென்யன், செங் ஆகியோர் நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து லிம்பஸ் பகுதியை வெட்டிக் கெட்ட கண்ணில் பொருத்தும் முறையை வெளியிட்டனர். பலன் இருந்தது. ஆனால் மிஞ்சியிருக்கும் ஒரே நல்ல கண்ணிலிருந்து அவ்வளவு பெரிய துண்டை எடுக்க யாருக்குத்தான் மனம் துணியும்?

இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினியும் மிக்கேலே தெ லூக்காவும் இதற்கு விடை தந்தனர். தெ லூக்கா கிரீனின் ஆய்வகத்தில் தோல் வளர்க்கக் கற்றவர். நல்ல கண்ணின் லிம்பஸிலிருந்து 1 சதுர மில்லிமீட்டர் மட்டும் எடுத்து, அதே 3டி3 ஊட்டும் அடுக்கில் வளர்த்து, காரம் பட்ட கண்களில் பொருத்தினர். இரண்டு நோயாளிகளின் கண்கள் தெளிந்த செய்தி 1997-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. 2010-இல் 112 நோயாளிகளின் முடிவுகள் வெளியாயின. 76.6 விழுக்காட்டினருக்கு நிலையான வெற்றி. அதைவிட முக்கியமான எண் ஒன்று உள்ளே இருந்தது. வளர்ப்பில் குருத்தணு அடையாளம் கொண்ட செல்கள் 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் 78 விழுக்காடு வெற்றி, அதற்குக் குறைந்தால் 11 விழுக்காடு மட்டுமே. 1987-இல் எழுந்த கேள்விக்குக் கண் கொடுத்த பதில் இது. ஹோலோக்ளார் என்ற பெயரில் இச்சிகிச்சை 2015 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்புதல் பெற்றது. குருத்தணுவை அடிப்படையாகக் கொண்ட மருந்துகளில் அங்கே ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுவே. நோயாளிகள் மிகச் சிலர், தயாரிப்புச் செலவு மிக அதிகம் என்ற நிலையில் அதைத் தயாரித்த நிறுவனமே சில ஆண்டுகளில் மூடும் தறுவாய்க்குப் போய்த் தப்பியது.

ஐதராபாத்தின் பங்கு

நம் நாட்டில் இத்தகைய கண் காயம் அரியதன்று. தொழிற்சாலை அமிலம் ஒருபுறம் இருக்க, வெற்றிலை பாக்குக்கு வைக்கும் சுண்ணாம்பு மறுபுறம். சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை விளையாட்டாகப் பிதுக்கும்போது அது கண்ணில் தெறிக்கிறது. சுண்ணாம்பு வலிமையான காரம், அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவும். கண்ணில் பட்டால் உடனே நிறைய நீர்விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் வீரேந்தர் சங்வான், கீதா வெமுகண்டி, துரைராஜன் பாலசுப்ரமணியன் ஆகியோர் 2000-களின் தொடக்கத்தில் தமக்கென ஒரு முறையை வகுத்தனர். எலிச் செல்லை அவர்கள் விட்டுவிட்டனர். பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடப் படலத்தைப் பதப்படுத்தி, அதன்மேல் லிம்பஸ் துண்டை வைத்து, நோயாளியின் இரத்த நீர்மத்தையே ஊட்டமாகத் தந்து, இரண்டு வாரம் போல் வளர்த்துப் பொருத்தினர். 2011-இல் வெளியான 200 நோயாளிகளின் முடிவில் 71 விழுக்காட்டுக் கண்கள் தேறியிருந்தன. ஐரோப்பிய முடிவுக்கு இது அதிகம் பின்தங்கியதன்று, செலவோ பல மடங்கு குறைவு.

அதற்குப் பின் அவர்கள் செய்தது இன்னும் துணிச்சலானது. வளர்ப்பதற்கு ஆய்வகம் எதற்கு, கண்ணே போதாதா என்று கேட்டார்கள். நல்ல கண்ணிலிருந்து 2 மில்லிமீட்டர் அளவுத் துண்டு ஒன்றை எடுத்து, எட்டுப் பத்துத் துகள்களாக நறுக்கி, காயம்பட்ட கண்ணில் பரப்பிய பனிக்குடப் படலத்தின்மேல் நாற்று நடுவதுபோல் பசையால் ஒட்டிவிட்டார்கள். துகள்களிலிருந்து செல்கள் கண்ணிலேயே பரவின. எளிய லிம்பஸ் மாற்று முறை எனப்படும் இது 2012-இல் ஆறு நோயாளிகளின் அனுபவத்தோடு வெளியானது. 2016-இல் 125 கண்களில் 76 விழுக்காடு வெற்றி பதிவாயிற்று. வளர்ப்புக் கூடமே இல்லாத மருத்துவமனைகளிலும் இதைச் செய்யலாம் என்பதால் பிற நாடுகளுக்கும் பரவியது. முப்பது ஆண்டு ஆய்வகப் பாடம் இல்லாமல் இந்த எளிமை பிறந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். குருத்தணு எங்கே இருக்கிறது, எவ்வளவு சிறிய துண்டு போதும் என்பதெல்லாம் தட்டிலிருந்து கற்றவை.

புகழும் போலியும்

1998-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருக் குருத்தணுக்களை வளர்த்ததும் உலகின் கவனம் அங்கே திரும்பியது. அவர் பயன்படுத்தியதும் எலி நார்ச்செல்களின் ஊட்டும் அடுக்கே. கருவை அழிப்பது சரியா என்ற விவாதம் எழுந்தது. ஷின்யா யமனாகா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும் சாதாரணச் செல்லையே குருத்தணு நிலைக்குத் திருப்பிக் காட்டி, 2012-இல் ஜான் கர்டனுடன் நோபல் பரிசு பெற்றார். 2014-இல் ஜப்பானில் மசாயோ தகாஹாஷி குழுவினர் அத்தகைய செல்லிலிருந்து வளர்த்த விழித்திரைப் படலத்தை ஒரு மூதாட்டிக்குப் பொருத்தினர். இவை பெரும் சாதனைகள், தனிக் கட்டுரைக்கு உரியவை.

ஆனால் இந்தப் புகழின் நிழலில் போலி வணிகமும் வளர்ந்தது. மூட்டுவலி முதல் ஆட்டிசம் வரை எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் செய்யும் மருத்துவமனைகள் நம் ஊர்களிலும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்களின்படி, இரத்த நோய்களுக்கான இரத்தக் குருத்தணு மாற்றைத் தவிர்த்த பயன்பாடுகள் மருத்துவ ஆய்வாக மட்டுமே நடத்தப்பட வேண்டும். ஆய்வில் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. யாரேனும் லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால், எந்தச் செல்லை எடுக்கிறீர்கள், எப்படி வளர்க்கிறீர்கள், அதில் குருத்தணு இருப்பதை எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். தோலும் கார்னியாவும் வெற்றி பெற்றது இம்மூன்றுக்கும் விடை இருந்ததால்தான்.

போகும் நகரச் சிறுவன்

2015 ஜூனில் ஜெர்மனியின் போகும் நகரத் தீக்காயப் பிரிவில் ஏழு வயதுச் சிரிய அகதிச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டான். அவனுக்குத் தீக்காயம் இல்லை. புறத்தோலை அடித்தோலோடு பிணைக்கும் புரதம் ஒன்று மரபணுப் பிழையால் பிறவியிலேயே இல்லை. தொட்ட இடமெல்லாம் கொப்புளமாகித் தோல் உரியும். கிருமித்தொற்றால் உடலின் பெரும்பகுதித் தோல் போய்விட்டது. தந்தை தன் தோலைக் கொடுத்தார், மெடாவர் கண்ட விதி மாறவில்லை, அது நிலைக்கவில்லை. வலியைக் குறைப்பது தவிர வேறு வழியில்லை என்ற நிலை.

மருத்துவர்கள் மோடெனா நகரில் இருந்த தெ லூக்காவைத் தொடர்புகொண்டனர். சிறுவனின் உடலில் கொப்புளமில்லாத இடத்திலிருந்து 4 சதுர சென்டிமீட்டர் தோல் எடுக்கப்பட்டது. வைரஸ் ஒன்றின் மூலம் லேம்பி3 என்ற சரியான மரபணு செல்களுக்குள் செலுத்தப்பட்டது. பிறகு அவை கிரீனின் வழியில் 3டி3 அடுக்கின்மேல் பெருக்கப்பட்டன. மொத்தம் 0.85 சதுர மீட்டர். 2015 அக்டோபரில் கை கால்களில் பொருத்தும் பணி தொடங்கியது. அதே மாத இறுதியில் ஹோவர்டு கிரீன் தம் 90-ஆம் வயதில் காலமானார். அடுத்த பிப்ரவரியில் சிறுவன் வீடு திரும்பினான். உடல் பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு புதுத் தோல்.

இந்தச் சிகிச்சை ஓர் அறிவியல் ஐயத்தையும் தீர்த்தது. செலுத்திய மரபணு ஒவ்வொரு செல்லிலும் வெவ்வேறு இடத்தில் அமர்ந்ததால், அது ஒவ்வொரு குடும்பத்துக்கும் முத்திரைபோல் ஆயிற்று. மாதங்கள் கழித்துத் தோலைச் சோதித்தபோது பெரும்பாலான முத்திரைகள் மறைந்திருந்தன. எஞ்சியவை ஹோலோகுளோன்களுக்கு உரியவை. முழுத் தோலையும் தாங்கியது நீடித்து வாழும் ஒரு சிறு குருத்தணுக் கூட்டமே என்று 2017 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த கட்டுரை காட்டியது. ஐந்து ஆண்டு கழித்து 2021-இல் வெளியான அறிக்கையிலும் தோல் உறுதியாகவே இருந்தது, கொப்புளம் இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு தோல் நோய்க்கு, மரபணு திருத்திய வளர்ப்புத் தோல் தாள்களை அமெரிக்கா 2025 ஏப்ரலில் அனுமதித்திருக்கிறது.

கொப்புளம் நின்றது. ஆனால் தட்டில் வளர்த்த புறத்தோல் தாளில் வியர்வைச் சுரப்பியையும் மயிர்க்காலையும் உண்டாக்கும் வழி இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை. பாஸ்டன் சகோதரர்களுக்குக் கிடைக்காத அந்த இரண்டுக்காக ஆய்வகங்கள் இப்போதும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.